எபிரெயர் நிருபத்தைப் படிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எபிரெயருக்கு எழுதின நிருபத்தை ஆர்வத்தோடு தொடங்கும் பலர் ஏழாம் அதிகாரத்தில் மெல்கிசேதேக்கைச் சந்தித்ததும் தளர்ந்துபோகிறார்கள். வேறு பலர் விசுவாச வீரர்களின் பதினொன்றாம் அதிகாரத்தை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைத் தொடுவதே இல்லை. 13 அதிகாரங்களும் 303 வசனங்களும் கொண்ட இந்த நிருபம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாக வாதிட்டுச் செல்லும் எழுத்து. அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டால் கடினமான அதிகாரங்களும் தாமாகவே வழிவிடும். வேதபாட வகுப்புகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வசன எண்களும் சொற்களும் பரிசுத்த வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் தழுவியவை.

இந்த நிருபத்தை எழுதியவர் பவுல்தானா?

நிருபத்துக்குள் எழுதியவரின் பெயர் எங்கும் இல்லை. பவுல் தம்முடைய எல்லா நிருபங்களையும் தம் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்; இங்கே அப்படி ஒரு தொடக்கம் கிடையாது. அதைவிட முக்கியமான சான்று 2:3-இல் இருக்கிறது. இரட்சிப்பின் செய்தியை முதலாவது கர்த்தர் அறிவித்தார் என்றும், அவரிடத்தில் கேட்டவர்கள் அதை 'நமக்கு' உறுதிப்படுத்தினார்கள் என்றும் ஆசிரியர் எழுதுகிறார். அதாவது, தம்மையும் இரண்டாம் தலைமுறையில் வைத்துப் பேசுகிறார். தாம் பெற்ற சுவிசேஷம் எந்த மனிதனாலும் வந்ததல்ல, இயேசுகிறிஸ்துவே அதைத் தமக்கு வெளிப்படுத்தினார் என்று கலாத்தியருக்கு அவ்வளவு அழுத்தமாக எழுதிய பவுல் (கலா. 1:12) இப்படி ஒரு வாக்கியத்தை எழுதியிருப்பார் என்று நம்புவது கடினம்.

பழங்காலத்திலேயே இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. பவுல் எபிரெய மொழியில் எழுத, லூக்கா அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தார் என்று அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து கருதினார். அவருக்குப் பின் வந்த ஓரிகன், கருத்துகள் அப்போஸ்தலனுக்கு உரியவை, சொல்லமைப்பு வேறொருவருடையது என்று கூறி, உண்மையில் எழுதியவர் யார் என்பதைத் தேவனே அறிவார் என்று முடித்துக்கொண்டார். வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் பர்னபாவின் பெயரைச் சொன்னார். 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் அப்பொல்லோவாக இருக்கலாம் என்றார். 1900-இல் ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் ஹார்னாக், பிரிஸ்கில்லாளும் அவள் கணவன் ஆக்கில்லாவும் என்ற கருத்தை முன்வைத்தார்.

அலெக்சாந்திரியாவில் பிறந்தவன், சொல்வன்மை உள்ளவன், வேதாகமங்களில் வல்லவன் என்று அப்போஸ்தலர் 18:24 அப்பொல்லோவைப் பற்றிச் சொல்லும் மூன்றும் இந்த நிருபத்தின் நடைக்கு மிகவும் பொருந்துகின்றன; ஆகவே என் மனம் லூத்தரின் பக்கம் சாய்கிறது. ஆனாலும் பழங்காலச் சாட்சி ஒன்றும் அதற்குத் துணை நிற்கவில்லை என்பதால், வகுப்பில் இதை ஒரு முடிவாகக் கற்பிக்கக் கூடாது. இந்தக் கேள்விக்கு ஒரு வகுப்பு முழுவதையும் செலவிடுவதும் தேவையில்லை.

பெயர் தெரியாத எழுத்து எப்படிப் புதிய ஏற்பாட்டில் இடம் பெற்றது?

நிருபத்தின் பயன்பாடு மிகப் பழமையானது. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமச் சபையிலிருந்து கொரிந்துச் சபைக்கு எழுதப்பட்ட, முதலாம் கிளெமெந்து என்று நாம் அழைக்கும் கடிதம், எபிரெயர் முதல் அதிகாரத்தின் சொற்களை ஏறக்குறைய அப்படியே எடுத்தாளுகிறது. கிழக்கத்திய சபைகள் இதைப் பவுலின் தொகுப்போடு சேர்த்தே வாசித்தன. ஏறத்தாழ கி.பி. 200-ஐச் சேர்ந்த பாப்பிரஸ் 46 என்னும் கையெழுத்துப் படியில், ரோமர் நிருபத்தை அடுத்து எபிரெயர் நிருபம் வருகிறது. அந்தப் படியின் ஏடுகளில் 56 இன்று டப்ளினிலும் 30 மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன.

எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் 13-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லிவி எழுதிய ரோம வரலாற்றின் சுருக்கம் ஒரு சுருளின் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதே சுருளைத் திருப்பி, வெறுமையாய் இருந்த பின்பக்கத்தில் யாரோ ஒருவர் எபிரெயர் நிருபத்தைப் படியெடுத்திருக்கிறார். புதுத் தாளை அவரால் வாங்க முடியவில்லை போலும். ஆனாலும் இந்த நிருபம் தம் கையில் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியிருக்கிறார்.

மேற்கில் நிலைமை வேறாக இருந்தது. முராத்தோரிப் பட்டியல் எனப்படும் பழைய நூற்பட்டியலில் எபிரெயர் நிருபம் இல்லை. ரோமிலும் அதைப் பவுலுடையதாக ஏற்க நெடுங்காலம் தயங்கினார்கள். 367-இல் அத்தனாசியு எழுதிய பண்டிகைக் கடிதம் பவுலின் பதினான்கு நிருபங்களுள் ஒன்றாக இதை எண்ணியது. 397-இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் பவுலின் நிருபங்கள் பதின்மூன்று என்று சொல்லிவிட்டு, அதே ஆசிரியர் எபிரெயருக்கு எழுதியது ஒன்று என்று தனியாகச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தனிக் குறிப்பிலேயே பழைய தயக்கத்தின் தடம் தெரிகிறது.

யாருக்கு எழுதப்பட்டது? எருசலேம் சபைக்கா?

'எபிரெயருக்கு' என்ற தலைப்பு பாப்பிரஸ் 46-இலேயே காணப்படுகிறது; ஆனால் அது நிருபத்தின் உடலுக்குள் வரும் சொல் அல்ல. வாசகர்கள் யூதப் பின்னணி கொண்ட விசுவாசிகள் என்பதை வாதத்தின் போக்கே காட்டிவிடுகிறது. லேவி கோத்திரம், பாவநிவாரண நாள், வனாந்தரத்தில் நடந்தவை என எதையும் விளக்காமல், அவர்களுக்குத் தெரியும் என்ற உறுதியோடு ஆசிரியர் பேசுகிறார்.

எருசலேம் என்று கருதியவர்கள் பலர். பலிகளைப் பற்றிய பேச்சு அங்கே பொருந்தும் என்பது அவர்கள் வாதம். ஆனால் எருசலேமில் கர்த்தரை நேரில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இந்த வாசகர்களோ பிறர் மூலமாகக் கேட்டவர்கள். மேலும், ஆசிரியர் பயன்படுத்துவது முழுக்க முழுக்கக் கிரேக்க வேதம். இவற்றைவிட வலுவான குறிப்பு நிருபத்தின் இறுதியில் வருகிறது: 'இத்தாலியா தேசத்தார் உங்களுக்கு வாழ்த்துதல் சொல்லுகிறார்கள்' (13:24). ஊரைவிட்டு வெளியே இருக்கும் இத்தாலியர்கள் தங்கள் ஊராருக்கு வாழ்த்து அனுப்புவதாக இதைக் கொண்டால், வாசகர்கள் ரோமில் இருந்த ஒரு சிறு சபையார் ஆகிறார்கள். இந்த நிருபத்தை முதலில் மேற்கோள் காட்டியதும் ரோமச் சபையே என்பது இதற்கு ஒத்துப்போகிறது.

10:32-34-ஐ இந்த இடத்தில் மெதுவாக வாசியுங்கள். நிந்தைகளாலும் உபத்திரவங்களாலும் அவர்கள் வேடிக்கைப் பொருளாக்கப்பட்டார்கள். கட்டப்பட்டவர்களைக் குறித்துப் பரிதபித்தார்கள். தங்கள் ஆஸ்திகள் கொள்ளையிடப்பட்டதைச் சந்தோஷமாய்ச் சகித்தார்கள். கி.பி. 49-இல் கிலவுதியு இராயன் யூதரை ரோமைவிட்டுத் துரத்தியதையும், ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்போதுதான் கொரிந்துக்கு வந்தார்கள் என்பதையும் (அப். 18:2) நினைவில் கொண்டு, அந்தக் கொள்ளை இந்த நிகழ்ச்சியைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால், முன்பு ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தும் உறுதியாய் நின்றவர்கள்தான் இப்போது சோர்ந்துபோயிருக்கிறார்கள். சபை கூடிவருவதைச் சிலர் விட்டுவிட்டார்கள் (10:25). போதகராயிருக்க வேண்டிய காலத்தில் மறுபடியும் மூல உபதேசத்தைக் கற்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள் (5:12). நிருபம் முழுவதும் இந்தச் சோர்வை எதிர்த்தே எழுதப்பட்டது.

எப்போது எழுதப்பட்டது?

தீமோத்தேயு உயிரோடு இருக்கிறார் (13:23). முதலாம் கிளெமெந்து இதை அறிந்திருக்கிறது. ஆகவே முதல் நூற்றாண்டின் அறுபதுகளுக்கும் தொண்ணூறுகளுக்கும் இடைப்பட்ட காலம் என்று சொல்லலாம். எருசலேம் தேவாலயம் அழிந்த கி.பி. 70-க்கு முன்னா, பின்னா என்பதுதான் உண்மையான விவாதம். பலிகள் இன்னும் நடப்பதுபோல ஆசிரியர் பேசுவது முன் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, தேவாலயம் அழிந்த பின்பும் அதன் வழிபாட்டை நிகழ்காலத்தில் வருணித்திருக்கிறார். எனவே அந்தச் சான்று மட்டும் போதாது. அதோடு, நிருபம் தேவாலயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசுவதெல்லாம் மோசேயின் ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றியே.

இருந்தாலும், பலிகள் ஓயாமல் செலுத்தப்படுவதே அவை பூரணப்படுத்தவில்லை என்பதற்கு அடையாளம், பூரணப்படுத்தியிருந்தால் அவை 'நிறுத்தப்பட்டிருக்கும் அல்லவா?' என்று 10:2-இல் கேட்கிறார். பலிகள் நின்றே போன பிறகு இந்தக் கேள்வியை இந்த வடிவில் ஒருவர் கேட்டிருப்பாரா? இதை வைத்தே 70-க்கு முந்தைய காலத்தை நான் ஏற்கிறேன். 'இரத்தஞ்சிந்தத்தக்கதாக நீங்கள் இன்னும் எதிர்த்து நிற்கவில்லையே' (12:4) என்ற சொற்கள் ரோமாபுரிச் சபைக்கே எழுதப்பட்டிருந்தால், 64-இல் நீரோ தொடங்கிய கொடுமைக்கு முந்தைய சில ஆண்டுகள் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

இது கடிதமா, பிரசங்கமா?

முடிவு கடிதம் போல இருக்கிறது. தொடக்கமோ மேடையில் ஏறிய பேச்சாளருடையது. கிரேக்கத்தில் முதல் நான்கு வசனங்களும் ஒரே வாக்கியம். முதல் வசனத்தில் மட்டும் ஐந்து சொற்கள் 'ப' ஒலியில் தொடங்கி மோனையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. காதுக்காக எழுதப்பட்ட எழுத்து இது. ஆசிரியரே தம் எழுத்தைப் 'புத்திசொல்லும் வார்த்தை' என்கிறார் (13:22). பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசன ஆகமங்களும் வாசிக்கப்பட்ட பின்பு, ஜெப ஆலயத் தலைவர்கள் பவுலைப் பேச அழைத்தபோது கேட்டதும் இதே புத்திசொல்லும் வார்த்தையைத்தான் (அப். 13:15). ஜெப ஆலயத்தில் வேதபகுதியை வாசித்து விளக்கி, உடனே கேட்போரின் வாழ்க்கையை நோக்கித் திருப்பும் மரபு அது.

அதனால்தான் இந்த நிருபத்தில் உபதேசமும் புத்திமதியும் மாறி மாறி வருகின்றன. பவுலின் நிருபங்களில் பெரும்பாலும் முதல் பாதி உபதேசம், பின்பாதி நடைமுறை. இங்கே அப்படிப் பிரிக்க முடியாது. குமாரனின் மேன்மையைச் சொல்லி முடித்தவுடனே 'ஆகையால்' என்று தொடங்கி எச்சரிக்கிறார். எச்சரித்தவுடனே மறுபடியும் வேதத்துக்குத் திரும்புகிறார். படிக்கும்போது ஒவ்வொரு 'ஆகையால்' என்ற சொல்லையும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு வாருங்கள். ஆசிரியரின் இருதயம் எங்கே துடிக்கிறது என்பதை அந்த வட்டங்கள் காட்டிவிடும்.

முதல் இரண்டு அதிகாரங்களில் தூதர்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

நியாயப்பிரமாணம் தேவதூதர்கள் மூலமாகக் கொடுக்கப்பட்டது என்பது அக்கால யூதர்களின் நம்பிக்கை, ஸ்தேவானும் (அப். 7:53) பவுலும் (கலா. 3:19) அதைச் சொல்கிறார்கள். 2:2-இல் ஆசிரியரும் தூதர்கள் மூலமாய்ச் சொல்லப்பட்ட வசனத்தை அதே பொருளில் குறிப்பிடுகிறார். தூதர்கள் கொண்டுவந்த வசனத்தை மீறியவர்களுக்கே தண்டனை தப்பவில்லை என்றால், குமாரனே அறிவித்த இரட்சிப்பைக் கவலையற்று விட்டவர்கள் எப்படித் தப்புவார்கள் என்பதே கேள்வி.

இந்த ஆசிரியர் பழைய ஏற்பாட்டை எந்த முறையில் பயன்படுத்துகிறார்?

நிருபத்தின் பூட்டைத் திறக்கும் கேள்வி இது. பொறுமையாகப் பார்ப்போம்.

பழைய வேதத்தை ஒதுக்கிவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. பழைய வேதத்துக்குள்ளேயே, அது தன்னைக் கடந்து இன்னொன்றை எதிர்நோக்கும் இடங்களை எடுத்துக் காட்டுகிறார். அவற்றுள் நான்கு இடங்கள் நிருபத்தின் தூண்கள்.

முதலாவது, எட்டாம் சங்கீதம். சகலமும் மனுஷனுடைய பாதங்களுக்குக் கீழ்ப்படுத்தப்பட்டது என்று சங்கீதம் பாடுகிறது. ஆனால் அப்படி இப்போது நாம் காணவில்லையே என்று ஆசிரியர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, சற்றுச் சிறியவராக்கப்பட்ட இயேசுவையோ மகிமையினால் முடிசூட்டப்பட்டவராகக் காண்கிறோம் என்கிறார் (2:8-9).

இரண்டாவது, 95ஆம் சங்கீதம். 'இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்' என்ற அழைப்பும், என் இளைப்பாறுதலில் அவர்கள் பிரவேசிப்பதில்லை என்ற எச்சரிப்பும் அங்கே இருக்கின்றன. யோசுவா ஜனங்களைக் கானானுக்குள் கொண்டுவந்தபோதே அந்த இளைப்பாறுதல் முழுமையாகக் கிடைத்திருந்தால், எவ்வளவோ காலத்துக்குப் பின் தாவீதின் மூலமாய் 'இன்று' என்று வேறொரு நாளைக் குறிப்பது ஏன்? (4:7-8).

மூன்றாவது, 110ஆம் சங்கீதம். லேவியின் ஆசாரியத்துவத்தால் பூரணம் உண்டாகியிருந்தால், அந்த முறைமை நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே மெல்கிசேதேக்கின் முறைமையின்படி வேறொரு ஆசாரியர் எழும்புவார் என்று சங்கீதம் சொல்லுவானேன்? (7:11).

நான்காவது, எரேமியா 31:31-34. எட்டாம் அதிகாரத்தில் இது முழுவதுமாக மேற்கோள் காட்டப்படுகிறது. புதிய ஏற்பாட்டிலேயே மிக நீளமான பழைய ஏற்பாட்டு மேற்கோள் இதுதான். முதலாம் உடன்படிக்கை பிழையில்லாதிருந்ததேயானால், இரண்டாம் உடன்படிக்கைக்கு இடம் தேடவேண்டுவதில்லையே (8:7).

நான்கு இடங்களிலும் வாதத்தின் வடிவம் ஒன்றே. முன்பு கொடுக்கப்பட்டதே முடிவானதாக இருந்திருந்தால், பின்பு தேவன் இன்னொன்றைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார். இந்த ஒரே வடிவத்தைக் கண்டுகொண்டவருக்கு, மூன்று முதல் பத்து வரையிலான அதிகாரங்கள் சிதறிய ஆராய்ச்சிகளாகத் தோன்றுவதில்லை.

மேற்கோள்கள் பழைய ஏற்பாட்டில் உள்ளதுபோல ஏன் இல்லை?

40ஆம் சங்கீதத்தில் 'என் செவிகளைத் திறந்தீர்' என்று வாசிக்கிறோம். எபிரெயர் 10:5-இல் அதே வசனம் 'ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்' என்று வருகிறது. இதைக் கண்டு பலர் திடுக்கிடுகிறார்கள். நம் பழைய ஏற்பாடு எபிரெய மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. ஆசிரியர் கையில் இருந்ததோ செப்டுவஜின்ட் எனப்படும் கிரேக்க மொழிபெயர்ப்பு. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்களே தங்களுக்காகச் செய்துகொண்ட மொழிபெயர்ப்பு அது. அதில் 'சரீரம்' என்றே இருந்தது. செவி திறக்கப்பட்டவன் கீழ்ப்படிகிறான். சரீரம் கொடுக்கப்பட்டவன் அந்தக் கீழ்ப்படிதலைச் செயலாக்குகிறான். பலியைவிடத் தேவசித்தத்தைச் செய்வதே மேல் என்ற சங்கீதத்தின் கருத்து இரண்டிலும் கெடவில்லை.

மெல்கிசேதேக்கு யார்? தகப்பனும் தாயும் இல்லாதவன் என்றால் தேவதூதனா?

ஆதியாகமம் 14-இல் மூன்று வசனங்களில் வந்து மறைந்துவிடும் மனிதன் அவன். சாலேமின் ராஜா, உன்னதமான தேவனுடைய ஆசாரியன். போரிலிருந்து திரும்பும் ஆபிராமுக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து ஆசீர்வதிக்கிறான், தசமபாகம் பெற்றுக்கொள்கிறான். பிறகு 110ஆம் சங்கீதத்தின் ஒரே வசனத்தில் பெயர் வருகிறது. அவ்வளவுதான்.

வம்சவரலாறு ஆசாரியனுக்கு உயிர்நாடி. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் தங்கள் வம்ச அட்டவணையைக் காட்ட முடியாதவர்கள் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கமானார்கள் என்று எஸ்றா 2:62 சொல்கிறது. பெயருக்குப் பெயர் தகப்பன் யார், மகன் யார் என்று சொல்லிச் செல்லும் ஆதியாகமம், இந்த ஒரு ஆசாரியனுக்குப் பிறப்பையும் சொல்லவில்லை, இறப்பையும் சொல்லவில்லை. வேதம் அங்கே மௌனமாக இருப்பதையே ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். அவன் தேவனுடைய குமாரனுக்கு 'ஒப்பானவன்' என்றுதான் எழுதுகிறார் (7:3). அவனே குமாரன் என்றோ, தூதன் என்றோ சொல்லவில்லை. சாக்கடலருகே கும்ரானின் 11ஆம் குகையில் 1956-இல் கிடைத்த ஒரு சுருளில் மெல்கிசேதேக்கு இறுதி நாட்களில் நியாயந்தீர்க்கும் விண்ணுலகத் தலைவனாகத் தோன்றுகிறான். அவனைப் பற்றி அக்காலத்தில் பெரிய எதிர்பார்ப்புகள் இருந்தன என்பதை அது காட்டுகிறது. அவற்றோடு ஒப்பிட்டால் நம் ஆசிரியரின் அடக்கம் நன்றாகத் தெரியும்.

இந்த வாதம் ஏன் தேவைப்பட்டது? இயேசு யூதா கோத்திரத்தார். அந்தக் கோத்திரத்தாரைக்குறித்து மோசே ஆசாரியத்துவத்தைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை (7:14). யூத விசுவாசி ஒருவர், 'எங்கள் பிரதான ஆசாரியர் எங்கே?' என்று தம் சொந்தக்காரர்கள் முன் கேட்கப்பட்டு வாயடைத்து நின்றிருப்பார். லேவிக்கு முன்பே, லேவியின் மூதாதையான ஆபிரகாமையே ஆசீர்வதித்த ஆசாரியத்துவம் ஒன்று உண்டு என்பது அவருக்குக் கிடைத்த பதில்.

ஒன்பதாம், பத்தாம் அதிகாரங்களைப் புரிந்துகொள்ள எதை முன்கூட்டிப் படிக்க வேண்டும்?

லேவியராகமம் 16. அதைப் படிக்காமல் இந்த அதிகாரங்களுக்குள் போகவே கூடாது. வருஷத்துக்கு ஒரு நாள், பிரதான ஆசாரியன் மாத்திரம், சணல்நூல் வஸ்திரம் உடுத்தி, தூபமேகம் கிருபாசனத்தை (உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை) மூட, திரைக்கு உட்புறம் போகிறான். முதலில் தன் பாவங்களுக்காகக் காளையின் இரத்தம், பின்பு ஜனங்களுக்காக வெள்ளாட்டுக்கடாவின் இரத்தம். கிருபாசனத்தின் முன்பாக ஏழுதரம் தெளிக்கிறான். மறு கடாவாகிய போக்காட்டை ஜனங்களின் அக்கிரமங்களோடு வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். காளை, கடா இவற்றின் உடல்கள் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்படுகின்றன.

இதைப் படித்தபின் நிருபத்துக்குத் திரும்பினால், எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது தெரியும். திரை, இரத்தம், ஒரே முறை நுழைவது ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறார். போக்காட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாளயத்துக்குப் புறம்பே என்பதைப் 13ஆம் அதிகாரம் வரை கையில் வைத்திருந்து, நகரவாசலுக்குப் புறம்பே பாடுபட்ட இயேசுவுக்குப் பொருத்துகிறார்.

10:11-12-இல் உள்ள ஒரு நுட்பத்தையும் தவறவிடாதீர்கள். எந்த ஆசாரியனும் நாடோறும் ஆராதனை செய்கிறவனாய் 'நிற்கிறான்'. இவரோ ஒரே பலியைச் செலுத்தி 'உட்கார்ந்தார்'. யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்கென்று சொல்லப்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்: பெட்டி, மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம், பலிபீடம், தொட்டி. ஆசாரியன் உட்கார ஓர் ஆசனம் அங்கே இல்லை. அவன் வேலை முடிவதே இல்லை. 110ஆம் சங்கீதத்தின் 'என் வலதுபாரிசத்தில் உட்காரும்' என்ற அழைப்பை ஆசிரியர் முதல் அதிகாரம் தொட்டுத் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவே.

6:4-6 இரட்சிப்பை இழந்துவிடலாம் என்று சொல்கிறதா?

மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கென்று மறுபடியும் புதுப்பிப்பது கூடாதகாரியம் என்ற இந்த வசனங்கள் எத்தனையோ பேரைத் தூங்கவிடாமல் செய்திருக்கின்றன. விபசாரம் போன்ற பாவங்களுக்குச் சபை மன்னிப்பு வழங்கக் கூடாது என்று வாதிடத் தெர்த்துல்லியன் இதைப் பயன்படுத்தினார். 250-இல் தேசியு இராயனின் உபத்திரவத்தில் விழுந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்த நோவாத்தியன் வழியினருக்குப் பதில் சொல்லும்போது, மிலான் அம்புரோசு இந்த வசனங்கள் ஞானஸ்நானத்தை இரண்டாம் முறை கொடுக்க முடியாது என்பதையே குறிக்கின்றன என்றார். கிறிசோஸ்தோமும் இந்நிருபத்தின்மேல் ஆற்றிய 34 பிரசங்கங்களில் அதே விளக்கத்தைத் தருகிறார். கால்வின் வழியினர் இங்கே சொல்லப்பட்டவர்கள் ருசிபார்த்தும் உண்மையாய் மறுபிறப்பு அடையாதவர்கள் என்பார்கள். வெஸ்லி வழியினர் உண்மையான விசுவாசிகளே விழ முடியும் என்று கொள்வார்கள்.

இந்தப் பெரிய வழக்கை ஒரு பதிலில் தீர்க்க முடியாது. ஆனால் மூன்று காரியங்களை உறுதியாகச் சொல்லலாம். ஒன்று, ஆசிரியர் பேசுவது பலவீனத்தால் தவறிய ஒருவரைப் பற்றி அல்ல. குமாரனைத் தாங்களே மறுபடியும் சிலுவையில் அறைந்து அவமானப்படுத்துகிறவர்களைப் பற்றி, அதாவது கிறிஸ்துவைத் தெரிந்தே வெளிப்படையாக உதறித்தள்ளுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு, அவர் மனதில் எண்ணாகமம் 14 இருக்கிறது. காதேசில் தேவனுடைய வல்லமைகளைக் கண்ணால் கண்ட ஜனங்களே தேசத்துக்குள் போக மறுத்தார்கள். மறுநாள் மனம் மாறிப் போக முயன்றபோது வழி அடைபட்டிருந்தது. மூன்றாம் அதிகாரத்தின் பிற்பகுதி அந்தச் சம்பவத்தின் நிழலில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று, அடுத்த மூச்சிலேயே 'பிரியமானவர்களே' என்று அழைத்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்புகிறோம் என்கிறார் (6:9). நிருபம் முழுவதிலும் இந்த அழைப்பு வருவது இந்த ஒரே இடத்தில்தான்.

நான் எல்லை மீறிவிட்டேனோ என்று நடுங்கிக்கொண்டு கேட்பவரிடம் 4:16-ஐயும் 7:25-ஐயும் வாசித்துக் காட்டுங்கள். அந்த நடுக்கமே அவர் கிறிஸ்துவை உதறவில்லை என்பதைக் காட்டுகிறது. இந்த வசனங்களை எடுத்து இன்னொருவர்மேல் வீசுவதற்கு நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

இந்த நிருபம் யூத சமயத்தை இழிவுபடுத்துகிறதா?

அப்படி வாசித்தவர்கள் கிறிஸ்தவ வரலாற்றில் உண்டு; அதன் விளைவுகள் கொடியவை என்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. பழமையாய்ப்போனதும் நாள்பட்டதும் உருவழிந்துபோகக் காலம் சமீபித்திருக்கிறது (8:13) என்ற வசனம் உடன்படிக்கையின் வழிபாட்டு முறைமையைப் பற்றியது, யூத மக்களைப் பற்றியது அல்ல. யூதர் ஒருவர் யூதர்களோடு, அவர்களுடைய வேதத்தை வைத்துப் பேசும் குடும்பப் பேச்சு இது. வெளியே இருந்துகொண்டு அந்தக் குடும்பத்தைப் பழிக்க இதை எடுத்தால் பொருள் முற்றிலும் திரிந்துவிடுகிறது. பதினொன்றாம் அதிகாரத்தில் நமக்கு முன்மாதிரியாக நிறுத்தப்படும் 'மேகம்போன்ற திரளான சாட்சிகள்' எல்லாரும் கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்தவர்கள். புதிய உடன்படிக்கையும் எரேமியாவின் வாக்குப்படி இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்தான் செய்யப்படுகிறது.

பதினொன்றாம் அதிகாரத்தைத் தனியாகப் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் 10:35-இலிருந்து தொடங்கி 12:3-இல் முடியுங்கள். 'விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்' என்ற ஆபகூக்கின் வாக்குத்தான் அந்த அதிகாரத்தின் வாசல். இயேசுவை நோக்கி ஓடுவதுதான் அதன் முடிவு. வெற்றி பெற்றவர்களின் பட்டியலாக மட்டும் அதைப் பார்க்கவும் வேண்டாம். 35ஆம் வசனத்தின் நடுவில் திருப்பம் வருகிறது: அதுவரை பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள், சிங்கங்களின் வாய்களை அடைத்தார்கள், அதன்பின் வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள், பட்டயத்தினாலே வெட்டப்பட்டார்கள். இரு சாராரும் ஒரே விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள். மேன்மையான உயிர்த்தெழுதலுக்காக விடுதலையை மறுத்தவர்கள் என்பது, இரண்டாம் மக்கபேயர் 7-இல் வரும் தாயையும் ஏழு மகன்களையும் நினைவூட்டுகிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தின் கத்தோலிக்கப் பதிப்பில் அந்த நூலை வாசித்துக்கொள்ளலாம்.

குழுவாகப் படிக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

முதல் கூட்டத்தில் விளக்கம் எதுவும் வேண்டாம். நன்றாக வாசிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் மாறி மாறி நிருபம் முழுவதையும் உரக்க வாசிக்கட்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். முதல் வாசகர்கள் இதை அப்படித்தான் கேட்டார்கள். இரண்டாம் கூட்டத்தில் ஆதியாகமம் 14, லேவியராகமம் 16, எண்ணாகமம் 14, சங்கீதங்கள் 8, 95, 110, எரேமியா 31 ஆகியவற்றை மட்டும் வாசியுங்கள். அதன்பின் நிருபத்துக்குள் போகும்போது அதிகாரப் பிரிவுகளைப் பொருட்படுத்தாமல் வாதத்தின் மூட்டுகளில் நிறுத்துங்கள். 4:14, 8:1, 10:19 ஆகிய மூன்றும் நல்ல நிறுத்தங்கள். குறிப்பாக 8:1-இல் ஆசிரியரே 'மேற்சொல்லியவைகளின் முக்கியமான பொருள்' என்ன என்று சொல்லிவிடுகிறார். கூட்டத்துக்கு வராமல் நின்றுபோனவர்களை விசாரிக்க ஒருவரை ஏற்படுத்துங்கள். 10:24-25-ஐ வாசித்துவிட்டு அதைச் செய்யாமல் இருப்பது சரியல்ல.

யாக்கோபு நிருபமும் யூத விசுவாசிகளுக்கு எழுதப்பட்டதுதானே? இரண்டையும் சேர்த்துப் படிக்கலாமா?

சிதறியிருக்கிற பன்னிரண்டு கோத்திரங்களுக்கும் என்று யாக்கோபு எழுதுகிறார். ஆகவே உறவு உண்டு. ஆனால் யாக்கோபில் ஆசாரியத்துவமோ பலியோ பேசப்படவில்லை. நாவையும் ஏழைகளையும் ஐசுவரியவான்களையும் பற்றிய ஞான போதனையே அதிகம். எபிரெயரை முடித்தபின் யாக்கோபின் இரண்டாம் அதிகாரத்தை எபிரெயர் 11-க்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியாக ஒப்புக்கொடுத்ததையும், ராகாப் வேவுகாரரை ஏற்றுக்கொண்டதையும் இருவருமே எடுத்துக்காட்டுகிறார்கள். யாக்கோபு அதில் கிரியையைக் காண்கிறார். எபிரெயரின் ஆசிரியர், மரித்தோரிலிருந்து எழுப்பவும் தேவன் வல்லவர் என்று ஆபிரகாம் எண்ணியதைக் காண்கிறார் (11:19). ஒரே செயலின் வெளிப்பக்கத்தை ஒருவரும் உட்பக்கத்தை மற்றவரும் விவரிக்கிறார்கள் என்பதை வகுப்பார் தாங்களே கண்டுபிடிக்கும்படி, முன்கூட்டிச் சொல்லாமல் விட்டுவிடுங்கள்.